வலை கிடந்த இடம்

அந்தப் பேராமை வந்து சேர்ந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. ஜெனிஸ்ரனும் அவனோடு தொழிலுக்குப் போகிற மூன்று பேரும் அதை ஒரு படங்கில் கிடத்தி, நாலு மூலையையும் பிடித்துத் தூக்கிக்கொண்டு குருநகர்த் துறையிலிருந்து நடந்தே வந்தார்கள். அதிக தூரமில்லை. முன்பு ஐஸ் போட்ட கட்டிடத்தில்தான் இப்போது கடற்காட்சிக் கூடம் இருக்கிறது. ஐஸ் உறைந்த அறைகளில் கண்ணாடித் தொட்டிகள். அவற்றுக்குள் கடற்குதிரைகள், திருக்கைகள், பாரைக் குஞ்சுகள். ஊர்ச்சனத்துக்கு அது 'மீன் காட்சி'.

"சூசை அண்ணை, கெதியா வாங்கோ! இன்னும் உயிர் இருக்கு!" என்று ஜெனிஸ்ரன் வாசலிலிருந்தே கத்தினான்.

தொட்டி துடைத்துக்கொண்டிருந்த சூசைதாசன் அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார். ஐம்பத்தொரு வயது. பதினாறு வயதிலிருந்து சங்குக்கும் கடலட்டைக்கும் கடலடிவரை சுழியோடிய மனிதர். ஐந்து வருஷத்துக்கு முன் கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டு இங்கே வேலைக்குச் சேர்ந்தவர். தொட்டிகளுக்குத் தண்ணீர் மாற்றுவது, இரை போடுவது, காயப்பட்டு வருகிற ஆமைகளைப் பார்த்துக்கொள்வது எல்லாம் அவர் பொறுப்பு.

ஆமையின் முன் துடுப்பு ஒன்றைத் தங்கூசி வலை எலும்புவரை அறுத்திருந்தது. கண்ணாடி மாதிரி மெல்லிய நைலோன் வலை அது. தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாது. தடைசெய்து பல வருஷமாகிவிட்டது. ஆனாலும் இரகசியமாகப் பாவிக்கிறவர்கள் இருந்தார்கள். கடலடியில் மாட்டி அறுந்தவை யாருக்கும் பயனில்லாமல் மீனையும் ஆமையையும் பிடித்துக் கொன்றுகொண்டே கிடந்தன. சூசைதாசன் சின்னக் கத்தரிக்கோலால் இழை இழையாக வெட்டி எடுத்தார். வலையின் மேற்கயிறு ஆமையின் கழுத்தைச் சுற்றியிருந்தது. அதைப் புரட்டியபோது மூன்று மிதப்புகள் தெரிந்தன. கடையில் வாங்கியவை அல்ல. பழைய ரப்பர் செருப்பை முக்கோணமாக வெட்டி, நடுவில் துளை போட்டு, மஞ்சள் நூலால் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டியவை.

அவருடைய கை நின்றுவிட்டது.

"என்ன அண்ணை?" என்று பக்கத்தில் குந்தியிருந்த உதயகலா கேட்டாள். கூடத்துக்குப் பொறுப்பானவள் அவள். விலங்கியல் படித்தவள். உடுப்பிட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவாள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கடலைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பதால் எல்லாருக்கும் 'ரீச்சர்'.

"ஒண்டுமில்லை ரீச்சர்." அவர் தலையை நிமிர்த்தவில்லை. "ஜெனிஸ்ரன், இதை எங்கை எடுத்தனீ?"

"அனலைதீவுக்கு மேற்காலை. வலையையும் இழுத்துக்கொண்டு மிதந்தது."

சூசைதாசன் மிதப்புகளை வெட்டிச் சாரத்து மடியில் செருகிக்கொண்டார். எவரும் கவனிக்கவில்லை.

மிருக வைத்தியர் வந்து அந்தத் துடுப்பை எடுத்துவிட்டார். ஆமையைக் கூடத்தின் நடுவிலிருந்த பெரிய வட்டத் தொட்டியில் விட்டார்கள். முதல் நாள் முழுவதும் அது அடியில் அசையாமல் கிடந்தது. எப்போதாவது ஒருமுறை மெல்ல எழுந்து வந்து, மூக்கை மட்டும் வெளியே நீட்டி, 'ஹா' என்று பெரிதாக ஒரு மூச்சு விட்டு, உடனே அடுத்ததை உள்ளே இழுத்துக்கொண்டு திரும்பவும் அமிழ்ந்துவிடும். அந்தச் சத்தம் சீமெந்துச் சுவர்களில் பட்டுக் கூடம் முழுக்கக் கேட்டது. வெகுநேரம் மூச்சடக்கி அடியில் நின்றவன் படகடியில் வந்து தலையைத் தூக்கி விடுகிற மூச்சு மாதிரியே இருந்தது. எத்தனையோ ஆமைகளைப் பார்த்தவர்தான் சூசைதாசன். இந்த ஆமையின் மூச்சைக் கேட்கும் ஒவ்வொரு தடவையும் அவர் கையிலிருந்ததை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

யாகோப்பு அப்படித்தான் மூச்சு விடுவான்.

யாகோப்பு சூசைதாசனின் மச்சான். ஒரே தங்கை மரியநாயகியின் கணவன். இருவரும் ஒரே படகில் தொழில் செய்தவர்கள். ஐந்து வருஷத்துக்கு முன் ஒரு கார்த்திகை மாதம் சூசைதாசன் தனியாகக் கரைக்கு வந்தார். நெடுந்தீவுக்குத் தெற்கே ஒரு பெரிய அலை அடித்து யாகோப்பு விழுந்துவிட்டான் என்றும், தேடித் தேடிப் பார்த்தும் காணவில்லை என்றும் சொன்னார். நாற்பது படகுகள் ஐந்து நாள் அந்தக் கடலில் தேடின. ஒன்றும் அகப்படவில்லை. சவப்பெட்டியில்லாமலே கோயிலில் பூசை வைத்தார்கள். மரியநாயகி அந்தப் பூசைக்கு வரவில்லை. நீரோட்டம் புருஷனை இந்தியக் கரைக்குக் கொண்டுபோயிருக்கும், அங்கே ஏதோ ஒரு சிறையில் பெயர் தெரியாமல் இருக்கிறார் என்பது அவளுடைய நம்பிக்கை. வருஷத்துக்கு மூன்று நான்கு தடவை ஏதாவது அலுவலகத்துக்குக் கடிதம் போடுவாள். அண்ணையின் கையெழுத்து அழகு என்பதால் எழுதிக் கொடுப்பது சூசைதாசன்தான். இதுவரை பதினேழு கடிதம்.

அது நடந்தது நெடுந்தீவுக்குத் தெற்கே அல்ல என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

கூடத்துச் சுவரில் ஒரு கடல் வரைபடம் தொங்கியது. வலையை இழந்த கடற்தொழிலாளிகள் வந்து, வலை மாட்டின இடத்தில் ஒரு சிவப்பு ஊசி குத்திவிட்டுப் போவார்கள். பெயர் கேட்பதில்லை. என்ன வலை என்றும் கேட்பதில்லை. அந்த ஊசிகளைப் பார்த்து உதயகலாவின் சுழியோடிகள் போய் வலைகளைக் கிளப்பி வருவார்கள். இரண்டு வருஷத்தில் அறுபத்தொரு ஊசிகள். அந்தத் திட்டத்தைத் துறை துறையாகப் போய் விளக்கினவர் சூசைதாசன். அவர் மட்டும் ஒரு ஊசியும் குத்தவில்லை.

வியாழக்கிழமை தென்மராட்சிப் பக்கத்திலிருந்து ஒரு பள்ளிக்கூடம் வந்தது. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேர். உதயகலா அவர்களை வட்டத் தொட்டியைச் சுற்றி நிற்க வைத்தாள்.

"ஆமைக்கு மீனைப்போல செவுள் இல்லை. எங்களைப்போல நுரையீரல்தான். வலையிலை மாட்டினா மேலை வர ஏலாது. மூச்சு முட்டித்தான் சாகும். இப்ப எல்லாரும் மூச்சைப் பிடியுங்கோ பாப்பம். ஆமை மேலை வரேக்கைதான் நீங்களும் விடலாம்."

பிள்ளைகள் கன்னத்தை உப்பிக்கொண்டு நின்றார்கள். அரை நிமிஷத்தில் பாதிப் பேர் விட்டுவிட்டுச் சிரித்தார்கள். ஒரு நிமிஷத்தில் எவரும் மிச்சமில்லை. ஆமை அடியிலேயே கிடந்தது.

"செத்துப் போச்சோ ரீச்சர்?" என்று ஒரு பிள்ளை கேட்டது.

"இல்லையம்மா. சும்மா கிடந்தா அது மணிக்கணக்கிலையும் கிடக்கும்."

சூசைதாசன் தொட்டியின் மற்றப் பக்கம் இரை வாளியோடு நின்றார். அவரும் மூச்சைப் பிடித்திருந்தார். அது அவருக்கே தெரியாது. உதடுகள் மட்டும் அசைந்தன. பிறகு வாளி விழுந்தது.

"ஏறு! மேலை ஏறு யாகோப்பு!"

உடுப்போடு தொட்டிக்குள் குதித்து, ஆமையின் ஓட்டுக்கு அடியில் இரண்டு கைகளையும் கொடுத்து, நெஞ்சோடு சேர்த்துத் தூக்கினார். தண்ணீர் எல்லார்மீதும் தெறித்தது. ஆமை அவர் முகத்துக்கு நேரே மூச்சை விட்டது. பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள். அவருடைய முகத்தைப் பார்த்ததும் அது நின்றுபோயிற்று.

உதயகலா அவரை உள்ளே கூட்டிப்போய்த் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள். யாகோப்பு யார் என்று அவளுக்குத் தெரியும். கடலில் போன ஆளை நினைத்துக்கொண்டார் என்று எண்ணினாள்.

"ரெண்டு நாள் வீட்டிலை நில்லுங்கோ அண்ணை."

"வேண்டாம் ரீச்சர். நான் இல்லாட்டி அதுக்கு ஆர் சாப்பாடு குடுக்கிறது?"

சனிக்கிழமை பின்னேரம் மரியநாயகி கூடத்துக்கு வந்தாள். நாற்பத்துநாலு வயது. வீட்டிலிருந்து கிழிந்த வலை பொத்திச் சீவிக்கிறவள். கையில் பத்திரிகையிலிருந்து வெட்டிய ஒரு படம். இந்தியச் சிறையிலிருந்து விடுதலையான தொழிலாளிகள் ஏழு பேர் வரிசையாக நின்றார்கள்.

"அண்ணை, இந்த மூண்டாவது ஆளைப் பாருங்கோ. நெத்தியைப் பாருங்கோ. மெலிஞ்சுபோனா அவர் இப்பிடித்தானே இருப்பார்?"

சூசைதாசன் பார்த்தார். முன்பின் தெரியாத ஒரு மனிதன்.

"தெளிவில்லை" என்றார்.

"திங்கக்கிழமை ஒரு கடிதம் எழுதவேணும். இந்த முறை படத்தையும் சேர்த்து..."

அவளுக்குப் பின்னால் ஆமை எழுந்து மூச்சு விட்டது.

மரியநாயகி விசுக்கென்று திரும்பினாள். முகம் முழுக்க மலர்ந்து, வாய் திறந்து, ஒரு பெயரைச் சொல்லப் போனவள் தொட்டியையும் தண்ணீரையும் கண்டாள். பிறகு வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

"ஒரு கணம் அவரெண்டு நினைச்சிட்டன் அண்ணை. கலியாணம் முடிச்ச புதிசிலை என்னையும் படகிலை ஏத்திக்கொண்டு போனவர். சங்கோடை வந்து ஏறேக்கை இப்பிடித்தான் மூச்சு விடுவார்."

ஒரு கதிரையை இழுத்துத் தொட்டியடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அடுத்த மூச்சு வருகிறவரை காத்திருந்தாள். வந்ததும் அதற்கடுத்ததுக்கும் காத்திருந்தாள். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அப்படி இருந்துவிட்டுத்தான் எழுந்து போனாள்.

உதயகலா அலுவலகத்தைப் பூட்டிக்கொண்டு வெளியே வந்தபோது சூசைதாசன் வரைபடத்துக்கு முன்னால் நின்றார். அனலைதீவுக்கு மேற்கே, வெறுமையாகக் கிடந்த நீலத்தில், புதிதாக ஒரு சிவப்பு ஊசி இருந்தது.

"ஆர் அண்ணை வந்து குத்தினது?"

"நான்தான். இது என்ரை வலை." மடியிலிருந்த மிதப்புகளை எடுத்து மேசையில் வைத்தார். "இதுகளை வெட்டிக் கட்டினது யாகோப்பு. அந்த வலையோடை அவனும் கிடக்கிறான் ரீச்சர்."

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். முடிந்தபின் உதயகலா கதிரையில் உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"அண்ணை, இதை நான் மறைக்க ஏலாது. பொலிசுக்குச் சொல்லத்தான் வேணும்."

"தெரியும்."

"ஆனா அக்காவுக்கு முதல் சொல்லவேணும். உங்கடை வாயாலை. வேறை ஆரும் போய்ச் சொல்லக்கூடாது."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து மரியநாயகி வீட்டு விறாந்தையில் வலை பொத்திக்கொண்டிருந்தாள். சூசைதாசன் அவளுக்கு முன்னால் நிலத்தில் உட்கார்ந்தார். சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"அண்டைக்கு நாங்கள் நெடுந்தீவுக்குப் போகேல்லை. அனலைதீவுக்கு மேற்காலைதான் நிண்டனாங்கள். தங்கூசி வலை. நான்தான் வாங்கினனான், அவன் வேண்டாமெண்டுதான் சொன்னவன். விடியக்காலமை இழுக்கேக்கை வலை கல்லிலை மாட்டிப்போச்சு. ஆறு பாகத் தண்ணி, ஆறு ஆள் ஆழம். கத்தியையும் கொண்டு அவன் இறங்கினான்."

அவளுடைய வலை ஊசி ஓடிக்கொண்டிருந்தது.

"நான் படகிலை நிண்டு அருள்நிறைந்த மரியே சொல்லிச் சொல்லி எண்ணினன். அவன் அடியிலை நிக்கேக்கை எப்பவும் அப்பிடித்தான் எண்ணுறனான். எட்டுச் சொல்ல முதல் வந்திடுவான். பன்னிரண்டு சொன்னன். வரேல்லை. அப்ப தூரத்திலை ஒரு ரோந்துப் படகு தெரிஞ்சுது. அந்த வலையோடை பிடிபட்டா படகும் போகும், நானும் உள்ளுக்குப் போகவேணும். வலையின்ரை மேற்கயிறு என்ரை கையிலை இருந்தது. அது ரெண்டு தரம் இழுபட்டுது."

ஊசி நின்றது.

"ரெண்டு தரமோ?"

"ஓம். ரெண்டு தரம். பிறகு ஒண்டுமில்லை. நான் கயிறை வெட்டிப்போட்டு எஞ்சினை எடுத்திட்டன். ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு திரும்பிப் போனன். தண்ணியிலை ஒண்டும் இல்லை."

"நீ இறங்கிப் பாத்தியோ?"

இவ்வளவு காலமும் அண்ணையை 'நீங்கள்' என்று கதைத்தவள் அவள்.

"இல்லை."

"அண்டைக்கும் இல்லை, பிறகும் இல்லை?"

"இல்லை மரியம். பயந்திட்டன். அவனை அதுக்குள்ளை பாக்கப் பயந்திட்டன்."

அவள் அழவில்லை. கத்தவுமில்லை. மடியில் கிடந்த வலையை மெல்ல எடுத்துப் பக்கத்தில் வைத்தாள்.

"பதினேழு கடிதம் எழுதினனீ" என்றாள். "ஒவ்வொண்டையும் எனக்கு வாசிச்சும் காட்டினனீ."

பிறகு எழுந்தாள். "எனக்கு அந்த வலை வேணும். நீதான் இறங்கி எடுக்கவேணும். நானும் வருவன்."

பொலிஸ் வாக்குமூலம் எடுத்தது. நீதிமன்ற அனுமதி வர இரண்டு கிழமை ஆயிற்று. காற்று அடங்கிய ஒரு நாள் காலை இரண்டு படகுகள் புறப்பட்டன. கூடத்தின் சுழியோடிகளுக்குத் தலைவன் அருட்செல்வன், உதயகலா, இரண்டு பொலிஸ்காரர், மரியநாயகி, சூசைதாசன்.

ஐந்து வருஷத்துக்குப் பின் சூசைதாசன் கடலில் இறங்கினார். முதுகில் காற்றுச் சிலிண்டர். கீழே போகப் போகக் காதுக்குள் அவருடைய மூச்சு மட்டும் கேட்டது. முதலில் தெரிந்தவை மிதப்புகள். செருப்பு முக்கோணங்கள் வரிசையாக மேல்நோக்கி நின்று ஆடின. அவற்றுக்குக் கீழே பாசி படர்ந்த வலை கல்லின்மேல் ஒரு சுவர்போல நின்றது. அதற்குள் நண்டு ஓடுகள், மீன் முள்கள், ஒரு சின்ன ஆமையின் வெறும் ஓடு. உயிரோடு ஒரு ஓரா மீனும் துடித்துக்கொண்டிருந்தது. அருட்செல்வன் அதை வெட்டி விட்டான். சூசைதாசன் வலை நீளத்துக்கும் கையால் தடவித் தடவிப் போனார். ஒவ்வொரு மடிப்பையும் விரலால் விலக்கினார். கல்லின் அடியிலும் மணலிலும் தேடினார். சிலிண்டர் முடிந்து மேலே வந்து இன்னொன்றை மாட்டிக்கொண்டு திரும்பவும் போனார். மனிதனுடையது என்று ஒன்றுமே இல்லை.

காற்றுப் பைகளைக் கட்டி வலையை மேலே எழுப்பிப் படகில் ஏற்றினார்கள். மரியநாயகி பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு அந்த ஈர வலையின்மேல் முழந்தாளில் உட்கார்ந்தாள். பாசியை வழித்து வழித்து, வலைக்கண் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நகர்ந்தாள். நடுப்பகுதிக்கு வந்ததும் நின்றாள். அங்கே வலை ஒரு ஆள் உயரத்துக்குத் திறந்து கிடந்தது.

"ஆமை கிழிச்சிருக்கும்" என்றார் ஒரு பொலிஸ்காரர்.

"இல்லை ஐயா. ஆமை கிழிச்சது அங்காலை கிடக்குது, பாருங்கோ. கண்ணெல்லாம் இழுபட்டு நீண்டுபோச்சு. இது வெட்டு. நாலைஞ்சு கண்ணைச் சேர்த்துக் கையிலை சுருட்டிப் பிடிச்சு வெட்டினது. எல்லா முனையும் ஒரே அளவு." அவள் கீழே தடவி, ஈயக் குண்டுகள் கோத்த அடிக்கயிற்றைத் தூக்கிக் காட்டினாள். அதுவும் வெட்டுப்பட்டிருந்தது. "நீ எந்த இடத்திலை வெட்டினனீ?" என்று தமையனைப் பார்க்காமலே கேட்டாள்.

"மேற்கயிறை. படகிலை நிண்டு பிடிச்ச தொங்கல் முனையிலை. இதை நான் வெட்டேல்லை."

"அப்ப இது அவர் வெட்டினது."

மரியநாயகி எழுந்து நின்று சுற்றிலும் பார்த்தாள். கிழக்கே அனலைதீவுப் பனைகள் ஒரு கறுத்த கோடாகத் தெரிந்தன.

"இஞ்சையிருந்து கரை தெரியுது" என்றாள். "அவர் வலையை வெட்டிக்கொண்டு மேலை வந்திருக்கிறார். வந்து பாக்கப் படகு இல்லை."

சூசைதாசன் படகின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். உடம்பிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. இரண்டு தரம் இழுபட்ட கயிறு. அதைச் சாகிறவனின் கடைசித் துடிப்பு என்றுதான் இவ்வளவு காலமும் எண்ணியிருந்தார்; கொஞ்சம் பொறு, வாறன் என்று சொல்லியிருக்கிறான். ஐந்து வருஷமாக அவர் கனவில் கண்டது வலைக்குள் கிடக்கிற யாகோப்பை. இனி வெறும் கடலில் தலையைத் தூக்கி, 'ஹா' என்று மூச்சு விட்டு, நாலு பக்கமும் பார்க்கிற யாகோப்பைத்தான் காணவேண்டும்.

வழக்குப் போடப்பட்டது. பொய் முறைப்பாடு, தடைசெய்த வலை, இன்னும் ஏதோ. பிணையில் வெளியே வந்த சூசைதாசனை வேலையிலிருந்து நிறுத்தவேண்டும் என்று கூடத்தின் நிர்வாகிகள் சிலர் சொன்னார்கள். உதயகலா சம்மதிக்கவில்லை. அவர் வழமைபோல வந்து தொட்டிகளைத் துடைத்தார். துறையில் சிலர் அவரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சிலர் கூடத்துக்கு வந்து, தாங்களும் மறைத்து வைத்திருந்த இடங்களில் ஊசி குத்திவிட்டுப் போனார்கள். மாசி மாதம் மூன்று துடுப்போடு ஆமை நன்றாக நீந்தத் தொடங்கியது. காரைநகர்க் கரையில் கொண்டுபோய் விட்டார்கள்.

அதற்கு அடுத்த கிழமை மரியநாயகி உதயகலாவிடம் வந்தாள்.

"ரீச்சர், கார்த்திகையிலை, வாடைக் காத்து அடிக்கேக்கை, அந்த இடத்திலை நீந்துற ஆள் எங்கை போய்ச் சேருவார்?"

உதயகலா பொய் சொல்லவில்லை. நீரோட்டப் படத்தை விரித்து வைத்துக்கொண்டு சொன்னாள். அனலைதீவுக் கரை மூன்று மைல்தான். ஆனால் காற்றுக்கு எதிரே நீந்தவேண்டும். ஓட்டம் தெற்கே தள்ளும். நல்ல சுழியோடி என்றால் கரை சேர்ந்திருக்கலாம். சேராமலும் போயிருக்கலாம். தேடின படகுகள் எல்லாம் பத்து மைலுக்கு அப்பால் தேடின.

"அப்ப ஒருத்தரும் இந்தக் கரையளிலை விசாரிக்கேல்லை."

"இல்லை அக்கா."

மரியநாயகி வெளியே வந்தாள். சூசைதாசன் குழாயடியில் வாளி கழுவிக்கொண்டிருந்தார். வலை எடுத்த நாளுக்குப் பின் அன்றைக்குத்தான் அவரிடம் பேசினாள்.

"ஞாயிற்றுக்கிழமை அனலைதீவுக்குப் போறன். நீயும் வா. நான் படத்தைக் காட்டுவன். எந்த நாள், எந்த இடம், என்ன நடந்தது எண்டு நீ சொல்லவேணும். ஒண்டையும் விடாமல்."

ஊர்காவற்துறைக்குப் பஸ், அங்கிருந்து தீவுக்குப் போகிற லோஞ் படகு. அவள் முன்னால் இருந்தாள், அவர் பின்னால். இறங்கி மேற்குக் கரைப் பக்கம் நடந்தார்கள். முதல் வீட்டில் ஒரு பெண் முற்றத்தில் கருவாடு காய வைத்துக்கொண்டிருந்தாள். மரியநாயகி கலியாணப் படத்தை நீட்டினாள். அந்தப் பெண் கையைத் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தாள்.

"நல்ல வடிவான மனிசன். எப்ப காணாமல் போனவர்?"

மரியநாயகி சற்று விலகி நின்றாள்.

சூசைதாசன் முன்னுக்கு வந்தார். "அஞ்சு வருஷம். கார்த்திகை பதினாலு, விடியக்காலமை" என்றார். "உங்கடை கரைக்கு நேர் மேற்காலை மூண்டு மைல். என்ரை மச்சான். நான்தான் அவரைத் தண்ணிக்குள்ளை விட்டிட்டு ஓடினனான்."

அந்தப் பெண் அவரைப் பார்த்தாள். பிறகு மரியநாயகியைப் பார்த்தாள். படத்தைத் திருப்பிக் கொடுத்தாள். அப்படி எவரும் இந்தப் பக்கம் வந்து ஏறியதாகத் தான் கேள்விப்படவில்லை என்றாள்.

அன்றைக்கு இருபத்துமூன்று வீடுகள். இருபத்துமூன்று முறை அவர் சொன்னார். ஒரு வீட்டில் ஒரு மனிதர் அவரை அடிக்கக் கை ஓங்கினார். இன்னொரு வீட்டில் இரண்டு பேருக்கும் தண்ணீர் கொடுத்தார்கள். யாகோப்பைக் கண்டவர்கள் ஒருவரும் இல்லை.

திரும்புகிற லோஞ்சில் சனம் நெரிந்தது. வேறு இடம் இல்லாததால் அவள் பக்கத்திலேயே அவர் உட்கார வேண்டியதாயிற்று. இரண்டு பேரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். கரை கிட்டும்போது மரியநாயகி படத்தைப் பையில் வைத்துச் சிப்பை இழுத்து மூடினாள்.

"அடுத்தது எழுவைதீவு. அங்கை வீடுகள் குறைவு" என்றாள். "விடிய வெள்ளன வெளிக்கிட்டா ஒரு நாளிலை முடிக்கலாம்."

"ஓம்" என்றார் சூசைதாசன்.